தார் வண்டியில் சாங்தாங்: ஏறும் வழியைவிட இறங்கும் வழியை முதலில் பாருங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா என்று பாருங்கள். நீங்கள், உங்கள் தம்பி, 61 வயது அப்பா, மூன்று பேர். சென்னையிலிருந்து டீசல் மஹிந்திரா தாரை ஓட்டிக்கொண்டு செப்டம்பர் முதல் வாரம் மணாலி வழியாக லே போய்ச் சேர்வது, மறுநாளே கிழக்கு லடாக்கின் சாங்தாங் பகுதிக்குள் பாங்காங் ஏரி, அங்கிருந்து சுஷுல் வழியாக ஹான்லே, உம்லிங் லா (லா என்றால் கணவாய்), சோ மோரிரி ஏரி, அப்புறம் மணாலி வழியாகவே திரும்புவது. ஒரே வண்டி, லேயிலிருந்து எட்டு நாள். என்னென்ன சாமான் எடுத்துப் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சாமான் பட்டியலுக்கு வருகிறேன். ஆனால் உங்கள் திட்டத்தில் சிக்கல் சாமானில் இல்லை, வரிசையில் இருக்கிறது. அதை மாற்றாமல் எத்தனை கேன் டீசல் ஏற்றினாலும் பயன் இல்லை என்பதால் அதையே முதலில் பேசலாம்.

நம் தமிழ்நாட்டில் வண்டி ஏறக்கூடிய உயரம் என்றால் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். லே நகரமே 3,500 மீட்டரில் இருக்கிறது. ஹான்லே ஊர் 4,250 மீட்டருக்கு மேலே, சோ மோரிரி 4,500 மீட்டர் வாக்கில், உம்லிங் லா 5,798 மீட்டர். காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கேயும் அதே 21 சதவீதம்தான், அழுத்தம்தான் குறைகிறது. ஹான்லேயில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம், உம்லிங் லாவில் கிட்டத்தட்ட பாதி. உடம்பு இதற்குப் பழகும், ஆனால் அதன் வேகத்தில்தான் பழகும். மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு, 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு இரவும் படுக்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரு நாள் இருக்க வேண்டும் என்பது. பகலில் எவ்வளவு உயரம் போய் வந்தீர்கள் என்பதைவிட எங்கே தூங்கினீர்கள் என்பதுதான் பெரிய விஷயம்.

சாங்தாங்கை மற்ற மலைப் பயணங்களிலிருந்து பிரித்துக் காட்டுவது இன்னொன்று. கொடைக்கானலில் உடம்பு சரியில்லை என்றால் வண்டியை எடுத்தால் இரண்டு மணி நேரத்தில் அடிவாரம். சாங்தாங் ஒரு மேட்டுச் சமவெளி. அங்கே நூறு கிலோமீட்டர் ஓட்டினாலும் நூறு மீட்டர்கூட இறங்கியிருக்க மாட்டீர்கள், சில இடங்களில் இறங்குவதற்கே முதலில் இன்னும் ஏற வேண்டும். பாங்காங் அப்படிப்பட்ட இடம். அதற்கும் லேவுக்கும் நடுவே சாங் லா நிற்கிறது, 5,300 மீட்டருக்கு மேல்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல்முறை போனபோது உங்களைப் போலவே லே வந்த இரண்டாம் நாளே ஸ்பாங்மிக்கில், ஏரிக்கரையில் படுத்தோம். இரவு பதினோரு மணிக்கு உடன் வந்த நண்பருக்குத் தலைவலி தாங்க முடியாமல் போய் வாந்தி ஆரம்பித்தது. எழுந்து நேராக நடக்கச் சொன்னேன், குடித்தவர் மாதிரி பக்கவாட்டில் சாய்ந்தார். உடனே இறக்க வேண்டும் என்று தெரியும், ஆனால் லேவுக்கு இறங்க வேண்டுமானால் இருட்டில், பனி உறைந்த பாதையில், இன்னும் ஆயிரம் மீட்டர் ஏறித்தான் ஆக வேண்டும். டாங்ட்சேயில் இருக்கும் சுகாதார நிலையம் வரை மெதுவாகக் கொண்டு போனோம், அங்கே ஆக்சிஜன் வைத்தார்கள், விடிந்த பிறகு சாங் லா தாண்டி லே மருத்துவமனை. பிழைத்துக்கொண்டார். அந்த இரவுக்குப் பிறகு நான் வரைபடத்தைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. எந்த ஊரில் படுத்தாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: இன்றிரவு ஒருவருக்கு முடியாமல் போனால் எந்தப் பக்கம் இறங்குவது, எத்தனை மணி நேரம் ஆகும், நடுவில் கணவாய் இருக்கிறதா?

இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் உங்கள் பாதை தலைகீழாக மாறும்.

லேயிலிருந்து ஹான்லே போக இரண்டு வழி. எல்லோரும் விரும்புவது சாங் லா, பாங்காங், மெராக், சுஷுல், சாகா லா, லோமா என்று போவது. இன்னொன்று சிந்து நதியை ஒட்டியே போகும் சாலை: லே, காரு, உப்ஷி, சுமதாங், மாஹே, நியோமா, லோமா, ஹான்லே. சுமார் 255 கிலோமீட்டர். இதில் ஒரு பெரிய கணவாய்கூட இல்லை. ஆறு எப்படிச் சரிந்து வருகிறதோ அப்படியே சாலையும் சரிந்து வருகிறது, அதாவது ஹான்லேயிலிருந்து லே திரும்பும் வழி முழுக்க இறக்கம்தான். இரவில்கூட ஓட்டிக்கொண்டு வரலாம். சாங்தாங்கில் இதைவிட நல்ல தப்பிக்கும் வழி எனக்குத் தெரிந்து இல்லை. முதல்முறை போகிறவர்கள், அதுவும் அப்பாவை அழைத்துக்கொண்டு போகிறவர்கள், இந்த வழியாகத்தான் உள்ளே போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

லே போய்ச் சேரும் வழியையும் மாற்றுங்கள். மணாலி வழியில் 2,000 மீட்டரிலிருந்து ஒன்றிரண்டு நாளில் 5,000 மீட்டர் கணவாய்களைத் தாண்டுகிறீர்கள், நடுவில் படுக்க நேர்வது சர்ச்சு என்றால் அது 4,290 மீட்டர். அங்கே தலையைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்கள் ஏராளம். ஸ்ரீநகர் வழி மெதுவாக ஏறுகிறது. ஸ்ரீநகர் 1,600 மீட்டருக்குச் சற்றுக் கீழே, ஸோஜி லா 3,528 மீட்டர், ஆனால் அன்றிரவு படுப்பது கார்கிலில், 2,700 மீட்டர்கூட இல்லை. மறுநாள் 4,108 மீட்டர் ஃபோட்டு லாவைத் தாண்டி லே. ஆக, ஏறுவது ஸ்ரீநகர் வழி, திரும்புவது மணாலி வழி. திரும்பும்போது உடம்பு பழகியிருக்கும், எவ்வளவு உயரக் கணவாய் வந்தாலும் பெரிதாகத் தெரியாது.

இப்போது நாட்கள். லேயில் மூன்று இரவு, குறைக்கவே குறைக்காதீர்கள். முதல் நாள் ஒன்றும் செய்ய வேண்டாம், படுத்துக்கொண்டு தண்ணீர் குடித்தால் போதும். அப்புறம் சுமதாங்கில் ஒரு இரவு, 4,000 மீட்டர் வாக்கில், ஆற்றோரம் வெந்நீர் ஊற்று இருக்கும் சின்ன ஊர். பிறகு ஹான்லேயில் மூன்று இரவு. நடு நாளில் உம்லிங் லா போய்த் திரும்புவது. அடுத்து சோ மோரிரி கரையில் கோர்ஸோக்கில் ஒரு இரவு. மறுநாள் விடியலில் கிளம்பி சோ கார் ஏரி, மோரே சமவெளி, பாரலாச்சா லா தாண்டி மணாலி சாலையில் உள்ள ஜிஸ்பா. லேயில் தங்குவதையும் சேர்த்து மொத்தம் எட்டு இரவு, உங்கள் எட்டு நாள் கணக்குக்குள் இது கிட்டத்தட்ட அடங்கும், மோசமான வானிலைக்கு இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குத் திரும்பும் நாளை இழுத்துப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள்தான் போகக் கூடாத நேரத்தில் வண்டியை எடுக்கிறார்கள்.

பாங்காங் எங்கே என்று கேட்பீர்கள். விட்டுவிடுங்கள். எட்டு நாளில் அதையும் சேர்த்தால் ஹான்லேயில் ஓர் இரவுதான் கிடைக்கும், வந்த மறுநாளே உம்லிங் லா ஏற வேண்டி வரும். நாட்களைக் கூட்ட முடியும் என்றால் ஹான்லே முடித்து, லோமா, சுஷுல் வழியாக பாங்காங் கரையில் உள்ள மெராக்கில் ஓர் இரவு தங்கி சாங் லா தாண்டி லே வரலாம். அப்போது உடம்பு பழகியிருப்பதால் சாங் லா அச்சுறுத்தாது. சுஷுல் அருகே ரெசாங் லா நினைவிடம் இருக்கிறது, 1962 நவம்பர் 18 அன்று மேஜர் ஷைத்தான் சிங்கும் 13 குமாவோன் படைப்பிரிவின் வீரர்களும் கடைசிவரை நின்று மடிந்த போரின் நினைவாக. அந்தக் குளிரில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் அவர்கள் என்ன நிலையில் போரிட்டார்கள் என்பது விளங்கும்.

அப்பா விஷயம். வயது மட்டுமே தடை இல்லை. ஆனால் ரத்த அழுத்தம், இதயம், நுரையீரல் எதில் பிரச்சினை இருந்தாலும் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே அவருடைய மருத்துவரிடம் 'படுக்கும் உயரம் 4,500 மீட்டர்' என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். 'லடாக் போகிறோம்' என்று மட்டும் சொன்னால் பலர் சுற்றுலா என்று தலையாட்டிவிடுவார்கள். அசிட்டசோலமைடு என்னும் மாத்திரை, கடையில் டயமாக்ஸ் என்று கிடைப்பது, தடுப்புக்காக 125 மில்லிகிராம் இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து எடுப்பது வழக்கம். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. விரல் நுனி குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், அது இயல்பு. இது உடம்பு பழக உதவும் மருந்து, வேகமாக ஏறுவதற்கான அனுமதிச் சீட்டாக அதை நினைக்கக் கூடாது.

எதைக் கவனிப்பது? தலைவலி, பசியின்மை, தூக்கம் வராதது இவையெல்லாம் முதல் ஓரிரு நாள் பலருக்கும் வரும், ஏறாமல் அங்கேயே இருந்தால் சரியாகும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், சளியில் நுரையோ இளஞ்சிவப்போ தெரிவது என்றால் நுரையீரலில் நீர் கோக்கிறது. குதிகாலும் விரலும் தொட நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினால், பேச்சு குழறினால், மூளை வீங்க ஆரம்பித்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், இறக்குவது. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கடையில் விற்கும் அந்தச் சின்ன ஆக்சிஜன் டப்பா சில நிமிடத்துக்குத்தான் வரும், அதை நம்பி இறங்காமல் இருந்துவிடாதீர்கள். லேயில் ரெகுலேட்டரும் மாஸ்க்கும் உள்ள மருத்துவ சிலிண்டர் வாடகைக்குக் கிடைக்கிறது, அதை எடுங்கள், இறங்கும் அந்த ஐந்தாறு மணி நேரத்தைத் தாங்குவதற்கு. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் நல்லதுதான், ஆனால் அந்த உயரத்தில் நன்றாக இருப்பவருக்கே 85 காட்டும், குளிர்ந்த விரலில் இன்னும் தப்பாகக் காட்டும். எண்ணைப் பார்த்துப் பயப்படுவதையும் எண்ணைப் பார்த்து நிம்மதி அடைவதையும் விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள்.

ஓட்டுநருக்கும் இதே ஆக்சிஜன்தான். நாம் தெளிவாக இருப்பதாகவே தோன்றும், முடிவுகள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகும். நீங்களும் தம்பியும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி ஓட்டுங்கள்.

சரி, வண்டி. தாரின் டீசல் எஞ்சினில் டர்போ இருப்பதால் மெல்லிய காற்றை ஓரளவு ஈடுகட்டிவிடும். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் என்றால், ஜிம்னியைப் போல, ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் சுமார் பத்து சதவீதம் சக்தி போகும், உம்லிங் லாவில் பாதிக்குப் பாதிதான் மிஞ்சும். இருந்தும் ஜிம்னிகள் ஏறத்தான் செய்கின்றன, எடை குறைவு, அதிக இழுவையோடு மெதுவாக ஊர்ந்து ஏற உதவும் லோ ரேஞ்ச் கியர் இருக்கிறது. டர்போ வண்டியிலும் ஒரு பலவீனம் உண்டு. சுழற்சி குறைவாக இருக்கும்போது டர்போ வேலை செய்யாது, அதனால் செங்குத்தான வளைவில் நின்று கிளம்பும்போது எஞ்சின் இழுக்காது. நாம் ஆக்சிலேட்டரை மிதித்து கிளட்சைப் பாதி பிடித்து ஏற்றப் பார்ப்போம், பத்து நிமிடத்தில் கருகிய வாடை வரும். மலையில் நின்றுபோன வண்டிகளில் நான் பார்த்த பாதி இந்தக் கதைதான். அப்படி இடம் வந்தால் யோசிக்காமல் லோ ரேஞ்சுக்கு மாறுங்கள், கிளட்சை முழுதாக விட்டுவிடலாம், வண்டி தானாக ஊர்ந்து ஏறும். ஆனால் தார் வகை வண்டிகளில், வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது, ஆகவே காய்ந்த தார் சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுக்கொண்டு வளைக்காதீர்கள், பற்சக்கரங்கள் இறுகிக்கொள்ளும். மண், ஜல்லி, பனி வரும்போது மட்டும்.

சென்னை வண்டிகளில் நான் தவறாமல் பார்ப்பது கூலன்ட். கோடையில் குறைந்தபோதெல்லாம் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஊற்றி அதில் உறைவுத் தடுப்பு என்று ஒன்றும் இருக்காது. ஹான்லேயில் செப்டம்பர் இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடியது. முழுதாக வடித்துவிட்டுப் பாதிக்குப் பாதி கலவை ஊற்றுங்கள். ரேடியேட்டர் மூடியையும் புதிதாக மாற்றிவிடுங்கள், மலிவான பொருள்தான். ஹான்லே உயரத்தில் தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும், மூடி பிடித்து வைக்கும் அழுத்தம்தான் கூலன்ட்டைக் கொதிக்க விடாமல் காக்கிறது. சென்னையில் தெரியாத மூடிக் கசிவு அங்கே முதல் ஏற்றத்திலேயே தெரிந்துவிடும். புதிய டீசல் வண்டிகளில் புகைக் குழாயில் இருக்கும் துகள் வடிகட்டி மெதுவான மலை ஓட்டத்தில் அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரிவது உண்டு. லே வருவதற்கு முன் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டி அதைச் சுத்தம் செய்துகொள்ள விடுங்கள்.

டயர் காற்றில் ஒரு வேடிக்கை உண்டு. உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட் அங்கே பலூன் மாதிரி உப்பியிருக்கும், பார்த்திருப்பீர்கள். டயருக்கும் அதேதான். சென்னையில் அடித்த காற்று உள்ளே அதே அளவுதான் இருக்கும், வெளியே அழுத்தம் குறைந்ததால் ஹான்லேயில் மீட்டர் ஆறு பிஎஸ்ஐ வரை கூட்டிக் காட்ட வேண்டும், குளிர் அதில் பாதிக்கு மேல் இழுத்துக்கொள்ளும். மொத்தத்தில் இரண்டு மூன்று கூடியிருக்கும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து சரி செய்யுங்கள், திரும்ப இறங்கிய பிறகு மறக்காமல் மறுபடி அடியுங்கள். மணல் வந்தால் 20 பிஎஸ்ஐக்கு இறக்கினால் வண்டி மிதந்து போகும், ஆனால் தார் சாலை ஏறியதும் உடனே ஏற்ற வேண்டும். அதற்கு 12 வோல்ட் கம்ப்ரஸர் வேண்டும், அந்த மெல்லிய காற்றில் அது வழக்கத்தைவிட நேரம் எடுக்கும், அவசரப்பட்டுச் சூடாக்கிவிடாதீர்கள்.

டீசல் கணக்கு. நான் சொன்ன பாதையில் லே அல்லது காரு பங்க்கில் நிரப்பிய பிறகு ஹான்லே 255 கிலோமீட்டர், உம்லிங் லா போய்வர ஏறத்தாழ 170, ஹான்லேயிலிருந்து கோர்ஸோக் 160, அங்கிருந்து சோ கார் வழியாக மணாலி சாலையைத் தொட நூறு, அதன் பிறகு மணாலி சாலையில் 'தாண்டி' என்னும் ஊரில் இருக்கும் பங்க் வரை 240. கூட்டினால் 925. அந்தச் சாலையில் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் என்றே போடுங்கள், 93 லிட்டர். தாரின் டேங்க் 57. ஆக 20 லிட்டர் இரும்பு ஜெர்ரி கேன் மூன்று, கூடுதலாக 24 லிட்டர் கையிருப்பு இருக்கும். அது வீண் இல்லை, ஒரு முறை நோயாளியை லேவுக்குத் திருப்பிக் கொண்டு போவதற்கான எண்ணெய் அது. வழியில் புதிதாக ஒரு பங்க் திறந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் மகிழ்ச்சி, ஆனால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள், பங்க் இருந்தாலும் அன்றைக்குச் சரக்கு இருக்க வேண்டுமே. கேனை விளிம்புவரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள், சிப்ஸ் பாக்கெட் மாதிரியே அதுவும் உப்பும். ஆட்கள் உட்காரும் இடத்தில் வைக்காமல் வெளியே கேரியரில் இறுக்கிக் கட்டுங்கள்.

மற்ற சாமான்கள் வேகமாகச் சொல்கிறேன். ஸ்டெப்னி இரண்டு இருந்தால் நல்லது, ஒன்றுதான் என்றால் பஞ்சர் ஒட்டும் கிட் கண்டிப்பாக, ஒட்டிப் பழகியும் இருக்க வேண்டும். இழுக்கும் கயிறு, மண்வெட்டி, மணல் பலகை, பேட்டரி கேபிள், இரண்டு லிட்டர் கலந்த கூலன்ட், எஞ்சின் ஆயில், ஃபியூஸ்கள், தலையில் கட்டும் விளக்கு. ஆளுக்கு நாளுக்கு நான்கு லிட்டர் வீதம் மூன்று நாளுக்கான தண்ணீர். மைனஸ் பத்து தாங்கும் தூக்கப்பை, தங்க இடம் பேசி வைத்திருந்தாலும் வண்டியிலேயே இருக்கட்டும். சின்ன பிரஷர் குக்கர், அது இல்லாமல் அங்கே அரிசி வேகாது, பருப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். இரவு வண்டிக்குள் தங்க நேர்ந்தால் ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள், கேஸ் அடுப்பையும் உள்ளே பற்றவைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு வாடையே இல்லாமல் ஆளைக் கொல்லும்.

தனி வண்டி என்பதில் எனக்கு நிம்மதி இல்லை. லேயில் மூன்று நாள் இருப்பீர்கள், தங்கும் விடுதியில் விசாரித்தால் அதே பக்கம் போகிற இன்னொரு வண்டி கிடைக்கும். உம்லிங் லா நாளுக்காவது சேர்ந்து போங்கள்.

தகவல் தொடர்பில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டு ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும், இரண்டு வேறு நிறுவனங்களுடையது இருந்தால் நல்லது. அதுவும் ஊருக்கு ஊர்தான், நடுவில் மணிக்கணக்காக ஒன்றும் இருக்காது. வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் சாட்டிலைட் போன் எடுத்துப் போகச் சொல்லும். இந்தியாவில் உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம், செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பும் கைக்கருவிகளுக்கும் இதே நிலைதான், விமான நிலையத்திலேயே கைதான வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. எல்லைப் பகுதியில் அது கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். அதற்குப் பதில் பழைய முறை: இன்று எங்கே போகிறோம், எத்தனை மணிக்குள் வருவோம் என்று தங்கும் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், வரவில்லை என்றால் அவர் ராணுவச் சோதனைச் சாவடிக்குச் சொல்லுவார். வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், போன் சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். ஆனால் வரைபடத்தில் கோடு இருக்கிறது, தரையில் டயர் தடம் இருக்கிறது என்பதற்காகக் கிழக்கே போய்விடாதீர்கள், அந்தப் பக்கம் எல்லைக் கோடு. அனுமதி: எல்லைப் பகுதிக்குள் போவதற்கான இன்னர் லைன் பர்மிட் இந்தியக் குடிமக்களுக்கு 2021 ஆகஸ்டில் நீக்கப்பட்டது, சுற்றுச்சூழல் கட்டணம் கட்டிய சீட்டும் அடையாள அட்டை நகல்களும் சாவடிகளில் கேட்பார்கள். உறவினர் யாராவது வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு, ஓசிஐ (இந்திய வம்சாவளியினருக்கான) அட்டையே இருந்தாலும், வருவதாக இருந்தால் அவர்களுக்குத் தனி அனுமதி வேண்டும், லே பயண முகவர் வழியாகத்தான் வாங்க முடியும். உம்லிங் லா திறந்திருக்கிறதா என்பதை ஹான்லேயில் முந்தின நாளே கேளுங்கள், ராணுவம் வேண்டாம் என்றால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள்.

உம்லிங் லாவுக்குக் காலை வெளிச்சம் வந்ததும் கிளம்புங்கள். நடுவில் ஃபோட்டி லா, அதுவே 5,500 மீட்டர். மேலே இருபது நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம், ஓடாதீர்கள், குனிந்து சட்டென்று நிமிராதீர்கள். அப்பா அன்றைக்கு ஹான்லேயிலேயே இருந்துவிட்டாலும் தவறில்லை, வெயிலில் உட்கார்ந்திருக்க அருமையான ஊர்.

பனி உருகி ஓடும் ஓடைகளை அங்கே நாலா என்பார்கள். காலையில் கணுக்கால் அளவு இருப்பது மதியம் மூன்று மணிக்கு முட்டியைத் தாண்டும், வெயில் ஏற ஏற மேலே பனி உருகுகிறது. ஓடை உள்ள பகுதிகளைப் பதினோரு மணிக்குள் கடந்துவிடும்படி நாளை அமையுங்கள். சந்தேகம் வந்தால் ஒருவர் இறங்கி, செருப்போடு, நடந்து பார்த்துவிட்டுத்தான் வண்டி.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஹான்லேயிலும் சோ கார் ஓரத்திலும் பச்சைப் புல்வெளி பார்ப்பதற்குத் திடல் மாதிரி இருக்கும், ஓட்டிப் பார்க்க ஆசை வரும். அது சதுப்பு. அச்சு வரை இறங்கிவிடும், உங்களை இழுக்க ஆள் இருக்காது. அது மட்டும் இல்லை, இந்தப் பகுதி வனவிலங்குச் சரணாலயம், கருங்கழுத்துக் கொக்கு முட்டையிடுவது அந்தப் புல்லில்தான், கியாங் என்னும் காட்டுக் கழுதையும் சாங்பா மக்களின் பஷ்மினா ஆடுகளும் மேய்வது அதில்தான். அந்தக் குளிரிலும் வறட்சியிலும் ஒரு டயர் தடம் ஆறுவதற்கு ஆண்டுக்கணக்காகும். 2022-இல் பாங்காங் தண்ணீருக்குள்ளேயே காரை ஓட்டிப் படம் எடுத்துப் போட்டார்கள், பார்த்தபோது வயிறு எரிந்தது. நான்கு சக்கர இயக்கம் இருப்பது இருக்கிற பாதையில் மாட்டிக்கொள்ளாமல் போவதற்கு. கியாங் கூட்டம் பக்கத்தில் ஓடினால் போட்டி போட்டு ஓட்டாதீர்கள், அந்த உயரத்தில் அதற்கும் மூச்சு வாங்கும்.

ஹான்லேயில் மூன்று இரவு எதற்கு என்று தம்பி கேட்டால் இதைச் சொல்லுங்கள். அங்கே குன்றின் மேல் 4,500 மீட்டரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. நம் திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூர் ஆய்வகத்தை நடத்துகிற அதே நிறுவனம்தான். அங்குள்ள இரண்டு மீட்டர் தொலைநோக்கிக்கு நம் சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயர், பெங்களூரு அருகே ஹொசகோட்டேயில் உட்கார்ந்துகொண்டே அதை இயக்குகிறார்கள். 2022 டிசம்பரில் சுற்றுப்புறத்தை இருள் வானக் காப்பகமாக அறிவித்தார்கள், ஊர்க்காரர்களே தொலைநோக்கி வைத்து வானம் காட்டுகிறார்கள். அதனால் இருட்டிய பிறகு ஹெட்லைட் போட்டுக்கொண்டு ஊருக்குள் வராதபடி மாலை ஐந்து மணிக்குள் வந்து சேருங்கள், அறையின் திரையை மூடுங்கள், டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டுங்கள். முடிந்தால் அமாவாசையை ஒட்டி நாளைப் பாருங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும். அப்பாவுக்குக் குல்லாயும் கம்பளியும் போர்த்தி ஒரு நாற்காலியில் உட்கார வையுங்கள், போனை யாரும் வெளியே எடுக்க வேண்டாம்.